ஓனர் கொட்டும் காசும் சம்பள வரம்பும்: பெங்களூர் கால்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டீரவா மைதானத்தில் ஆட்டம் முடிந்து கப்பன் பார்க் மெட்ரோவுக்கு நடக்கும்போதும் சரி, அல்சூர் டீக்கடை பெஞ்சிலும் சரி, பேச்சு கடைசியில் காசில்தான் வந்து நிற்கிறது. நம் பெங்களூரு எஃப்சியின் ஓனர் செலவே செய்வதில்லை என்று ஒரு கட்சி. சம்பளத்துக்கு வரம்பு என்று ஒன்று இருக்கும்போது சில அணிகள் மட்டும் எப்படி நட்சத்திரங்களை வரிசையாக வாங்குகின்றன என்று இன்னொரு கட்சி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. வரம்பு எத்தனை கோடி என்பதைவிட, ஒப்பந்தத்தில் எழுதின சம்பளம் மாதாமாதம் வீரர் கைக்குப் போகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது என்று நினைக்கிறேன்.

சம்பள வரம்பு என்றால் என்ன? ஐபிஎல் ஏலத் தொகை மாதிரிதானா?

பாதி அப்படித்தான். ஒரு சீசனில் மொத்த அணிக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் போடும் உச்சவரம்பு அது. இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) பல ஆண்டுகள் 16.5 கோடி ரூபாய் என்று இருந்தது. தனி ஒரு வீரருக்கு இல்லை, அணி மொத்தத்துக்கும்.

ஐபிஎல்லில் 2025 சீசனுக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி. ரிஷப் பந்த்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். யாருக்கு எவ்வளவு என்று கடைசி ரூபாய் வரை தெரியும், கூட்டிப் பார்க்கலாம். கால்பந்தில் அப்படி இல்லை. 2015-இல் ஐஎஸ்எல் ஒரு ஏலம் நடத்தியது, சுனில் சேத்ரியை மும்பை 1.2 கோடிக்கு எடுத்தது. இப்போது கிளப்பும் வீரரும் நேராகப் பேசிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது வெளியே இருக்கிற நமக்குத் தெரியாது. நம் சண்டை ஓயாமல் நடப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், கொல்கத்தாவின் மோகன் பகான் மட்டும் எப்படி இவ்வளவு பெரிய பெயர்களை வாங்குகிறது?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. 2025 ஏப்ரல் 12-இல் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஐஎஸ்எல் இறுதியாட்டத்தில் நாம் அவர்களிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றதற்கு அப்புறம் இன்னும் சூடாக வருகிறது. அந்த சீசனில் லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டும், இறுதியாட்டத்துக்கான கப்பும் இரண்டுமே அவர்களுக்குத்தான். ஜேமி மெக்லாரன் ஆஸ்திரேலிய லீகில் கோல் சாதனை வைத்திருப்பவர். ஜேசன் கம்மிங்ஸ் 2022 உலகக் கோப்பை ஆஸ்திரேலிய அணியில் இருந்தவர். இப்படிப்பட்டவர்கள் ஒரே அணியில் இருந்தால் கேள்வி எழத்தான் செய்யும்.

அவர்கள் வரம்பை மீறினார்கள் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. சொல்கிறவர்கள் யாரும் ஆதாரம் காட்டியதுமில்லை. மீறாமலேயே முன்னே போக வழி இருக்கிறது. வரம்பு என்பது சம்பளத்துக்கு. ஒரு வீரரை இன்னொரு கிளப்பிடமிருந்து வாங்கக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை அந்தக் கணக்கில் வராது. அப்போது ஆழமான பை வைத்திருக்கிற ஓனர் என்ன செய்வார்? ஒப்பந்தம் முடியும் வரை காத்திருக்க மாட்டார், கோடிகள் கொடுத்து இன்றே எடுத்துக்கொள்வார். சிறிய கிளப்புக்கும் அந்தக் காசு தேவைப்படுகிறது, விற்றுவிடும். அனிருத் தாபா 2023-இல் சென்னையிலிருந்து கொல்கத்தா போனது அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே சம்பளம் இரண்டு கிளப்பும் தருகிறது என்றால், ஐம்பதாயிரம் பேர் கத்தும் மைதானத்துக்கும் கோப்பை வரும் இடத்துக்கும்தான் வீரர் போவார். அதைக் குறை சொல்ல முடியாது.

இந்த சந்தேகத்தையெல்லாம் ஒரே நாளில் தீர்க்கலாம். அமெரிக்காவின் எம்எல்எஸ் லீகில் ஒவ்வொரு வீரரின் சம்பளத்தையும் வீரர்கள் சங்கமே பெயர் போட்டு வெளியிடுகிறது. மெஸ்ஸி வாங்குவதும் தெரியும், மாற்று கோல்கீப்பர் வாங்குவதும் தெரியும். இங்கே அப்படி ஒரு பட்டியல் வந்தால் நம் வாதத்தில் பாதி அன்றே முடிந்துவிடும்.

சரி, நம் ஓனர் கஞ்சமா இல்லையா?

ஜேஎஸ்டபிள்யூ தொழில் குழுமம் 2013-இல் பெங்களூரு எஃப்சியைத் தொடங்கியது. முதல் சீசனிலேயே அப்போதைய தேசிய லீகான ஐ-லீக் பட்டம். 2016-இல் ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கப் இறுதியாட்டம் வரை போன முதல் இந்திய கிளப் நம்முடையது. 2018-19 ஐஎஸ்எல், 2022 டூரண்ட் கப். 2023 இறுதியாட்டத்தில் பெனால்டியில் போனோம், 2025-இல் கூடுதல் நேரத்தில் போனோம். பெனால்டியில் தோற்ற அணிக்கு இன்னும் இரண்டு கோடி செலவழித்திருந்தால் கப் வந்திருக்கும் என்று யாரும் கணக்குப் போட முடியாது. கஞ்சம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை.

நான் ஓனர் மீது கோபப்படுவது வேறு ஒன்றுக்கு. 2025 ஆகஸ்டில், லீக் நடக்குமா என்று தெரியாத நிலையில், முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் காலவரையின்றி நிறுத்துவதாக கிளப் அறிவித்தது. இளையோர் அணிகளும் பயிற்சிப் பள்ளிகளும் பாதிக்கப்படாது என்றும் சொன்னது, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். லீக் நிற்பது வீரரின் குற்றமில்லை. நாட்டிலேயே ஒழுங்காக நடக்கும் கிளப் என்று நாம் பெருமையாகச் சொல்லிவந்த இடத்திலேயே சம்பளம் நிற்கலாம் என்றால், மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல?

லீக் ஏன் அப்படித் தொங்கியது?

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-இல் 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, வணிக உரிமையை விற்றது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிந்தது. புதிய ஒப்பந்தம் இல்லாததால், அந்த உரிமையோடு ஐஎஸ்எல்லை நடத்திவந்த நிறுவனம் ஜூலையிலேயே சீசனை நிறுத்திவைத்தது. அடுத்து விட்ட டெண்டருக்கு யாரும் வரவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14 முதல் 14 அணிகள், 91 ஆட்டங்கள் என்று சுருக்கமான சீசனுக்கு முடிவானது.

வரம்பையே எடுத்துவிட்டால் என்ன? வசதி இருக்கிறவர் செலவு செய்யட்டுமே?

வரம்பு இல்லாத காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். 1997-இல் எஃப்சி கொச்சின் வந்தபோது இந்தியாவின் முதல் தொழில்முறை கிளப் என்று கொண்டாடினார்கள். பெரிய பெயர்களை வாங்கினார்கள். சில வருஷத்தில் காசு முடிந்தது, கிளப்பும் முடிந்தது. முதல் தேசிய லீகை வென்ற ஜேசிடி 2011-இல் அணியைக் கலைத்தது. அதற்கு முந்தைய வருஷம் மஹிந்திரா யுனைடெட். இவர்களை எந்த விதியும் கலைக்கவில்லை. கம்பெனிக்கு ஆர்வம் போனது, அவ்வளவுதான்.

அதே சமயம், வரம்பு இருந்தால் கிளப் பிழைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத் எஃப்சி 2021-22-இல் ஐஎஸ்எல் சாம்பியன். வரம்பு அப்போதும் இருந்தது. இரண்டே வருஷத்தில் சம்பள பாக்கி, புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபாவின் தடை, வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றம். அந்த அணி எழுதிக் கொடுத்த சம்பளம் வரம்புக்குள் இருந்தது என்பதால் யாருக்கு என்ன லாபம்? 16 கோடி தருகிறேன் என்று எழுதிவிட்டு ஆறு மாதம் தராமல் இருப்பதை இந்த விதி தடுப்பதே இல்லை. தருகிறேன் என்று எழுதும் தொகையைத்தான் அது அளக்கிறது.

சம்பள வரம்பு வீரர்களுக்கு நல்லதா கெட்டதா?

நட்சத்திரத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை. நடுவில் இருப்பவருக்குத்தான் அடி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது எந்த கிளப்பின் உண்மைக் கணக்கும் இல்லை, புரிவதற்காக மட்டும். 16.5 கோடி கையில் இருக்கிறது. ஆறு வெளிநாட்டு வீரர்கள் சேர்ந்து 9 கோடி. மீதி 7.5 கோடி. இந்திய அணியில் ஆடும் இருவருக்கு மூன்று கோடி போனால் 4.5 கோடி நிற்கும். அதை இருபது பேர் பிரித்துக்கொள்ள வேண்டும், சராசரி 22.5 லட்சம். அந்த இருபதிலும் மூத்தவர்கள் கூடுதலாக வாங்குவார்கள். அகாடமியிலிருந்து வந்த பையனுக்குக் கிடைப்பது அதில் மிஞ்சியது. வெளிநாட்டு வீரருக்கு இன்னொரு 50 லட்சம் ஏற்றித் தரச் சொல்லி நாம் கத்தும்போது, அது யார் பங்கிலிருந்து போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வரம்பின் வரலாறும் வீரர்களுக்குச் சாதகமானதில்லை. இங்கிலாந்தில் 1901-இல் வாரம் 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் தரக்கூடாது என்று விதி போட்டார்கள். அறுபது வருஷம் அது ஏதோ ஒரு தொகையில் நீடித்தது. 1961-இல் வாரம் 20 பவுண்டு என்று இருந்தபோது, ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று சொல்லி அதை உடைத்தது. அதே வருஷம் ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹேன்ஸுக்கு 100 பவுண்டு கொடுத்தது. அதுவரை அந்த வித்தியாசம் எங்கே போயிருந்தது என்பதை யோசித்தால், வரம்பு ஓனர்களுக்கு எவ்வளவு வசதி என்பது புரியும்.

நம் ஏரியாவில் ஒரு காலத்தில் அவ்வளவு வீரர்கள் வந்தார்களே, அப்போது யார் செலவு செய்தார்கள்?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1948 ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் புகழ்பெற்ற ஐந்து முன்வரிசை வீரர்களில் அஹமது கானும் தன்ராஜும் இங்கிருந்து போனவர்கள். ஆஸ்டின் டவுன், மர்பி டவுன், கௌதமபுரம், அல்சூர் என்று தமிழ் பேசும் தெருக்களில் கால்பந்து வளர்ந்தது. பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ மையம். கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது.

அப்போது ஓனர் என்று யாரும் இல்லை. ஐடிஐ, எச்ஏஎல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. வீரருக்குக் கிடைத்தது வேலை. மர்பி டவுனில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர், இப்படி ஒரு அலுவலக அணியில் ரைட் பேக்காக ஆடியவர். காலையில் பயிற்சி, அப்புறம் சைக்கிளில் வேலைக்கு, பெரிய ஆட்டம் இருக்கும் வாரத்தில் மட்டும் டியூட்டி தளர்வு. முழங்கால் போய் முப்பது வயதுக்குள் ஆட்டத்தை நிறுத்தினார். வேலை நிற்கவில்லை, ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றார். இன்றைக்கும் ஓய்வூதியம் வருகிறது. சம்பள வரம்பைப் பற்றி நாங்கள் அவர் முன்னால் சண்டை போட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, எவ்வளவு தருவான்னு பேசுறீங்க. தருவானா?"

அந்தக் காலம் திரும்பாது, அந்த சம்பளத்தில் இன்றைய வீரர் ஆடவும் வேண்டாம். ஆனால் அடிபட்டவனுக்கும் முதல் தேதி சம்பளம் வரும் என்ற உறுதியை நாம் இடையில் எங்கோ விட்டுவிட்டோம். ஆஸ்டின் டவுனின் கார்ல்டன் சாப்மன் ஈஸ்ட் பெங்கால், ஜேசிடி, எஃப்சி கொச்சின் மூன்றிலும் ஆடினார். இந்தியாவின் கேப்டனாகவும் இருந்தார். அந்த மூன்றில் இரண்டு கிளப் இன்று இல்லை.

ஐரோப்பாவில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அங்கே பெரும்பாலும் நிலையான தொகை கிடையாது. வருமானத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய போட்டிகளில் ஆடும் கிளப் தன் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அணிக்குச் செலவு செய்யக் கூடாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் மூன்று வருஷ நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற விதியில்தான் எவர்ட்டன் கிளப்புக்கு 2023-இல் 10 புள்ளி வெட்டினார்கள், அப்பீலில் 6 ஆனது. 2026-27 முதல் அங்கும் வருமானத்தில் 85 சதவீதம் என்ற முறை வருகிறது. கடைசி இடத்து கிளப்பின் டிவி வருமானத்தை வைத்து எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு போடலாம் என்ற யோசனையை 2025 நவம்பரில் கிளப்புகளே தோற்கடித்தன.

ஸ்பெயினில் விதி கடுமையானது. வரம்புக்குள் அடங்காவிட்டால் வீரரைப் பதிவே செய்ய முடியாது. 2021-இல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனது அதனால்தான்.

இங்கிலாந்தின் செல்சி கிளப் வீரர்களோடு எட்டு வருஷ ஒப்பந்தம் போட்டதே, அது என்ன தந்திரம்?

வீரருக்குக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் தொகையைக் கணக்கில் ஒப்பந்த வருஷங்களால் பிரித்து எழுதலாம். என்ஸோ ஃபெர்னாண்டஸுக்கு சுமார் 10.7 கோடி பவுண்டு. ஐந்து வருஷம் என்றால் வருஷத்துக்கு 2.1 கோடிக்கு மேல். எட்டரை வருஷம் என்றால் 1.26 கோடி. காசு அதேதான், வருஷக் கணக்கில் மட்டும் சின்னதாகத் தெரியும். 2023-இல் ஐந்து வருஷத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று விதியை மாற்றினார்கள். கணக்கு வெளியில் இருந்ததால்தான் ஓட்டையும் கண்ணில் பட்டது.

வருமானத்தில் 70 சதவீதம் என்ற விதியை இங்கே கொண்டுவரலாமா?

கூடாது. அந்த விதி வருமானம் இருக்கிற கிளப்புக்கு. இங்கே டிக்கெட்டையும் ஸ்பான்சரையும் நம்பி எந்த கிளப்பும் ஓடவில்லை, ஓனர் பையிலிருந்துதான் ஓடுகிறது. ஓர் ஆட்டத்துக்கு 10,000 பேர், தலைக்கு 300 ரூபாய் என்று வையுங்கள், 30 லட்சம். 12 உள்ளூர் ஆட்டம் என்றால் 3.6 கோடி. வரி, மைதான வாடகை, பாதுகாப்பு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். 16.5 கோடிக்கு எங்கே போவது?

ஜெர்மனி மாதிரி உறுப்பினர்களே கிளப்பை வைத்துக்கொண்டால்?

அங்கே வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும், லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற சில விதிவிலக்குகள் தவிர. இங்கே உறுப்பினர் மரபு உள்ளது கொல்கத்தா கிளப்புகளுக்குத்தான். 2020-இல் மோகன் பகானின் 80 சதவீதம் ஆர்பிஎஸ்ஜி என்ற தொழில் குழுமத்தின் கைக்குப் போன பிறகும், பெயருக்கு முன்னால் ஒட்டிய, அந்தக் குழுமத்தின் பழைய அணியான ஏடிகே-யின் எழுத்துகளை ரசிகர்கள் விடாமல் போராடி 2023-இல் எடுக்க வைத்தார்கள். பங்கு இல்லாமலேயே அவ்வளவு முடியும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நான் பெங்களூரில் இருக்கும் சென்னையின் எஃப்சி ரசிகன். இதில் எனக்கு என்ன?

2018 இறுதியாட்டத்தில் கண்டீரவாவிலேயே எங்களை 3-2 என்று ஜெயித்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். இந்த ஊரில் ஒரே வீட்டில் அண்ணன் நீலத்தில் ஒன்று, தம்பி நீலத்தில் இன்னொன்று என்று இருப்பது சாதாரணம். ஆனால் 2025 ஆகஸ்டில் எங்கள் கிளப் சம்பளத்தை நிறுத்திய அதே வாரத்தில் உங்கள் கிளப்பும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. இந்த விஷயத்தில் நமக்குள் டெர்பி, அதாவது பக்கத்து ஊர்ப் போட்டி, இல்லை.

அப்போது விதி எப்படி இருக்க வேண்டும் என்கிறீர்கள்?

வரம்பு இருக்கட்டும். அதோடு சீசன் தொடங்கும் முன்பே மொத்த சம்பளத்துக்கும் ஈடாக ஒவ்வொரு ஓனரும் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். சம்பளம் ஒரு மாதம் தவறினால் லீக் அதிலிருந்து எடுத்து வீரர் கணக்கில் போட வேண்டும், நீதிமன்றம் ஃபிஃபா என்று அலைய விடாமல். கட்ட முடியாதவருக்கு உரிமம் கிடையாது, எத்தனை கப் வென்றிருந்தாலும். டிரான்ஸ்ஃபர் தொகையில் ஒரு பகுதியையாவது வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். குறைந்தபட்ச சம்பளம் ஒன்று வேண்டும், அகாடமிப் பையனுக்காக. சம்பளப் பட்டியலை வெளியிட வேண்டும்.

இப்படிச் செய்தால் சில ஓனர்கள் ஓடிவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஓடப்போகிறவர் ஆகஸ்டில் ஓடட்டும், ஜனவரியில் பாதி சீசனில் ஓடுவதைவிட அது மேல். பத்து அணிகளோடு லீக் நடந்தாலும் எனக்குச் சம்மதமே.

நாம் என்ன செய்ய முடியும்?

ரசிகர் குழுக்களை கிளப் நிர்வாகம் சீசனுக்கு முன்னால் சந்திப்பது உண்டு. அங்கே யாரை வாங்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். அடுத்த முறை போன சீசன் சம்பளம் எல்லோருக்கும் முழுதாகப் போய்விட்டதா என்று கேளுங்கள். பயிற்சியாளர், மசாஜ் செய்பவர், ஜெர்சி துவைப்பவர் வரைக்கும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, சென்னை, கொச்சி, கொல்கத்தா ரசிகர் குழுக்களுக்கும் அனுப்புங்கள். அவர்கள் தங்கள் கிளப்பிடம் அதே கேள்வியைக் கேட்கட்டும். அதற்கு அப்புறம் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் யார் என்று கேட்கலாம், அதை நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.